மகனுக்காகப் பேனா எடுத்த டாக்டர்

பட்டாளத்துக்குப் போகவேண்டிய வாலிபன் மீது ஒரு பழி விழுந்தது. ராணுவ சேவைக்குப் பயந்து, கால் விறைத்தவன்போல் பாசாங்கு செய்கிறான் என்றார்கள்.

அந்தப் பழியைத் துடைக்க, அவனுடைய தந்தை பேனாவை எடுத்தார். அவர்தான் டாக்டர் ஜூலியஸ் தாம்சன்.

தாம்சன் 1815-ல் ஷ்லெஸ்விக் என்ற நாட்டுப்புறத்தில் பிறந்தார். அப்போது அது டென்மார்க் அரசருக்கு உட்பட்டிருந்தது. 1864-ல் நடந்த போரில் டென்மார்க் தோற்றது. பிறகு ஷ்லெஸ்விக், பிரஷ்யாவின் கைக்குப் போயிற்று. பிரஷ்யாவில் வாலிபர்களுக்கு ராணுவ சேவை கட்டாயம்.

காப்பெல்ன் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்துவந்த தாம்சனின் வீட்டுக்குச் சோதனை வந்தது அப்படித்தான்.

விநோத வியாதி

இந்த வியாதி உள்ளவர், உட்கார்ந்த இடத்திலிருந்து சட்டென்று எழுந்தால் கால் மரக்கட்டைபோல் விறைத்துக்கொள்ளும். கீழே விழுவதும் உண்டு. பிறர் கையைப் பிடித்தால் உடனே விடமுடியாது.

ஆனால் நாலு அடி நடந்துவிட்டால் விறைப்பு தளரும். பிறகு மற்றவர்களைப்போலவே நடப்பார்!

உடம்போ பயில்வான் உடம்பு. ஓயாமல் இறுகி இறுகித் தசைகள் திரண்டிருக்கும். இப்படிப்பட்டவர் முதல் அடியிலேயே தடுமாறினால், பார்ப்பவர்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்?

தாம்சன் சந்தேகப்படவில்லை. காரணம், அதே வியாதி அவருக்கும் இருந்தது.

வீட்டு விஷயம் அச்சில்

1876-ல் ஒரு ஜெர்மன் மருத்துவ ஏட்டில் அவர் எல்லாவற்றையும் எழுதினார். தம் உடம்பின் கோளாறை எழுதினார். நான்கு தலைமுறைகளில் 20-க்கும் மேற்பட்ட உறவினருக்கு அது இருந்ததை எழுதினார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

குடும்பத்து வியாதியை ஊரறியச் சொல்ல யாருக்கு மனம் வரும்? அதுவும் ஊருக்கே வைத்தியம் பார்ப்பவருக்கு!

மருத்துவர்கள் அந்த வியாதிக்குத் தாம்சன் பெயரையே வைத்தார்கள்.

ஒன்றில் மட்டும் அவர் கணக்குத் தவறியது. பரம்பரையாக வரும் மனக் கோளாறே இதற்கு மூலம் என்று நினைத்தார். உண்மையில் கோளாறு தசையில் இருந்தது.

உப்பின் வாசல்

நாம் சாப்பிடும் உப்பில் சோடியம், குளோரைடு என்று இரண்டு பொருள்கள் உண்டு. தசை சுருங்கும்போது அதில் மின்துடிப்பு ஓடுகிறது. அது அடங்குவதற்குக் குளோரைடு உதவுகிறது. தசைச் செல்லுக்குள் குளோரைடு போய்வர நுண்ணிய வாசல்கள் இருக்கின்றன.

அந்த வாசல் பிறவியிலேயே பழுதாக இருந்தால் துடிப்பு அடங்காது. சுருங்கிய தசை தளராமல் நிற்கும். உணவில் உப்பைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ வருகிற வியாதி அல்ல இது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

இந்த உண்மையை அறிய ஆடுகளும் உதவின! அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ஒருவகை ஆடுகள் உண்டு. திடுக்கிட்டால் விறைத்துப்போய்ச் சாய்ந்துவிடும். அவற்றின் தசையைச் சோதித்தபோதுதான் குளோரைடு போக்குவரத்துக் குறைவு தெரியவந்தது. மனிதரிடம் இதற்குரிய மரபணுக் கோளாறு 1992-ல் கண்டுபிடிக்கப்பட்டது.

உயிரைப் பறிக்கும் வியாதி அல்ல இது. விறைப்பைக் குறைக்க இன்று மருந்தும் உண்டு. தாம்சன் எண்பது வயது வரை வாழ்ந்து, 1896-ல் காலமானார்.

அவருடைய குடும்பத்து மரபணுவையும் விஞ்ஞானிகள் சோதித்தார்கள். முடிவு 1994-ல் வெளிவந்தது. அந்த வாசலை அமைக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.