வானநூற் புலவர் கெப்ளர்

கலாசாலையிற் புகும் மாணாக்கரை முதன்முதல் எதிர்கொள்வது, எப்பாடத்தைத் தெரிந்துகொள்வது என்னும் வினாவேயாம். கணிதமோ, பௌதிகமோ, இரசாயனமோ, உயிர்நூலோ என்று எண்ணியெண்ணி உறக்கம் இழப்பார் பலர். ஒன்றைத் தெரிந்தால் மற்றவை கைநழுவுமே என்பது ஒரு கவலை. தெரிந்தது தமக்குப் பொருந்தாவிடின் வாழ்நாள் வீணாகுமே என்பது மற்றொரு கவலை. பெற்றோர் விருப்பம் ஒருபுறமும், இடம் கிடைத்த பிரிவு மற்றொரு புறமும் இழுக்க, நடுவில் நின்று தியங்குவாரும் உளர். அன்னார் பொருட்டு, விரும்பிய கல்வி ஒன்றாகவும் வாய்த்த தொழில் வேறொன்றாகவும் அமையப்பெற்ற ஒரு பேரறிஞரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம். கோள்கள் சூரியனைச் சுற்றும் நெறியை உலகுக்கு வரையறுத்துக் காட்டிய யோகான் கெப்ளரே அவர்.

கெப்ளர், ஜெர்மானிய நாட்டில் வைல்-டெர்-ஸ்டாட் என்னும் சிற்றூரில் 1571-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கூலிக்குப் போர்புரியும் படைவீரர். அடிக்கடி வீட்டைத் துறந்து சென்றவர், ஈற்றில் ஒருமுறை சென்று திரும்பாதே போயினர். குழவிப் பருவத்தில் வந்த வைசூரி கெப்ளரின் கண்பார்வையைக் கெடுத்தது. பிற்காலத்து வானத்தை அளந்த அவருக்கு வானத்தைத் தெளிவாகக் காணும் கண் வாய்த்திலது என்பது வியப்பன்றோ? எனினும், 1577-ஆம் ஆண்டில் தோன்றிய பெரிய வால்வெள்ளியை அன்னையார் ஒரு மேட்டிற்கு அழைத்துச் சென்று காட்டியது அவர் நெஞ்சில் அழியாது பதிந்திருந்தது.

அவரது குடும்பம் வறுமையுற்றது. ஆயின், வூர்ட்டம்பர்க் நாட்டுக் கோமகனார், திருச்சபைக்கு நல்ல குருமாரைப் பெறவேண்டி, கூர்த்த மதியுடைய ஏழைச் சிறுவர்களுக்கு உண்டியும் உறையுளும் நல்கிக் கற்பித்து வந்தனர். அவ்வுதவியைப் பெற்ற கெப்ளர், ஆடல்பர்க், மௌல்பிரான் என்னும் இடங்களில் இருந்த பள்ளிகளிற் பயின்று, 1589-ஆம் ஆண்டில் தூபிங்கன் சர்வகலாசாலையை அடைந்தார். அவர் கருத்தெல்லாம் தேவ ஊழியத்திலேயே நிலைத்திருந்தது. குருவாகிப் பிரசங்க பீடத்தில் நிற்பதையன்றி வேறெதையும் அவர் வேண்டிலர்.

அக்காலத்து முறைப்படி, வேதசாஸ்திரம் கற்பதற்கு முன்னர் மாணாக்கர் பொதுக் கல்வியை முடித்தல் வேண்டும். கிரேக்கம், எபிரேயம், தருக்கம், அணியிலக்கணம் ஆகியவற்றோடு கணிதமும் வானநூலும் அதில் அடங்கியிருந்தன. குருவாகப் போகின்ற ஒருவனுக்குக் கோள்களின் கணக்கு எற்றுக்கு என்று எண்ணி, தேர்வுக்கு வேண்டியதை மட்டும் உருப்போட்டு ஒழிந்த மாணாக்கர் அன்றும் இருந்திருப்பர். கெப்ளர் அவ்வாறு செய்திலர். அங்கே வானநூல் கற்பித்தவர் மீகாயேல் மேஸ்ட்லின் என்பார். அவர் வகுப்பில் பழைய தாலமியின் கொள்கையைக் கற்பித்து, தகுதி வாய்ந்த சிலர்க்கு மாத்திரம் சூரியனே நடுவில் உள்ளதென்னும் கோப்பர்நிக்கஸின் புதுக்கொள்கையையும் விளக்கினார். அச்சிலருள் கெப்ளரும் ஒருவர். கட்டாயப் பாடமாக வந்த ஒன்றை அவர் காதலித்துக் கற்றார். ஆயினும் அதனைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கனவிலும் கருதினாரல்லர்.

1591-ஆம் ஆண்டில் எம்.ஏ. பட்டம் பெற்றபின், அவர் தாம் விரும்பிய வேதசாஸ்திரத்தைக் கற்கத் தொடங்கினார். அப்படிப்பு முடிவதற்குச் சில திங்களே எஞ்சியிருந்த காலத்தில், எதிர்பாராத செய்தியொன்று வந்தது. ஆஸ்திரிய நாட்டில் கிராட்ஸ் என்னும் நகரிலிருந்த சீர்திருத்தச் சபையாரின் பள்ளியில் கணித ஆசிரியர் இறந்துபோக, அவ்விடத்துக்குத் தக்கார் ஒருவரை அனுப்புமாறு தூபிங்கனைக் கேட்டிருந்தனர். தூபிங்கனார் தெரிந்தெடுத்தது கெப்ளரை! அவரோ பெரிதும் கலங்கினார். கணிதத்தில் தமக்குத் தனித் தேர்ச்சி உண்டென்று அவர் நம்பவில்லை. குருத்துவத்தோடு ஒப்பிடின் பள்ளியாசிரியர் பதவி தாழ்ந்ததாகவும் தோன்றிற்று. மறுத்தாலோ, பிறர் உதவியால் உண்டு கற்ற ஒருவன் தனக்கிட்ட பணியினின்று ஒதுங்கினான் என்னும் பழி வரும். பின்னர் வேண்டும்போது திருச்சபைப் பணிக்கு மீளலாம் என்னும் வாயிலைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் உடன்பட்டார். 1594-ஆம் ஆண்டு, தமது இருபத்திரண்டாம் வயதில், கிராட்ஸ் நகரை அடைந்தார்.

தொடக்கம் சிறப்பாயிருந்ததென்று சொல்வதற்கில்லை. முதல் ஆண்டில் அவரிடம் கணிதம் கற்க வந்தவர் மிகச் சிலர். இரண்டாம் ஆண்டில் ஒருவருமிலர். பள்ளியின் மேலாளர்கள், கணிதம் எல்லார்க்கும் ஏற்ற கல்வியன்று என உணர்ந்து, ஆசிரியர்மேற் குறை கூறாது, அணியிலக்கணத்தையும் வர்ஜில் என்னும் இலத்தீன் புலவரின் பாக்களையும் கற்பிக்கும்படி அவரைப் பணித்தனர். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் கணித்து வெளியிடுவதும் அவர் கடமையாயிற்று. தாம் விரும்பியதை விட்டு வந்தார்; வந்த இடத்திலோ கேட்பாரில்லை. வேறொருவராயின் மனமுடைந்து மீண்டிருப்பர்.

இந்நிலையில், 1595-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், வகுப்பில் ஒரு வட்டப் படத்தை வரைந்து விளக்கிக்கொண்டிருந்தபோது, அவருக்கு ஓர் எண்ணம் மின்னெனத் தோன்றிற்று. கோள்கள் அக்காலத்து அறியப்பட்டவை ஆறு. அவற்றினிடையே உள்ள இடைவெளிகள் ஐந்து. எல்லாப் பக்கங்களும் ஒத்த கனவுருவங்களும் ஐந்தே. ஆதலின், கடவுள் இவ்வைந்து வடிவங்களையும் அளவாகக் கொண்டே கோள்களின் தூரத்தை வகுத்தார் என அவர் துணிந்தார். இக்கருத்துப் பிழையென்பது இன்று யாவரும் அறிந்தது. எனினும், கோள்கள் ஏன் இத்தனை, ஏன் இத்தூரத்தில் உள்ளன என்று வினவும் துணிவு அதில் இருந்தது. 1596-ஆம் ஆண்டைத் தாங்கி வெளிவந்த அவரது முதல் நூல் இதனையே கூறுவது. பழைய ஆசிரியராகிய மேஸ்ட்லினே அதனைத் தூபிங்கனில் அச்சிடுவித்தார்.

அந்நாட்களில் மேஸ்ட்லினுக்கு எழுதிய கடிதமொன்றில், நெடுநாள் தம்மை வருத்திய வினாவுக்குக் கெப்ளர் விடை கண்டிருந்தார். வேதசாஸ்திரியாக விரும்பிய தாம் அமைதியின்றி இருந்ததையும், இப்போது தம் முயற்சியால் வானநூலிலும் கடவுள் மகிமைப்படுவதைக் காண்பதையும் அதிற் கூறினார். அன்று அவர் தம் பாடத்தை உண்மையில் தெரிந்துகொண்டார் என்போம். கிராட்ஸுக்கு வண்டியேறிய நாளில் நிகழ்ந்தது பிறர் செய்த தெரிவு. ஓராண்டுக்கு மேல் அப்பாடத்தோடு பழகியபின் நிகழ்ந்ததே அவர் செய்த தெரிவு.

ஆனால் தெரிந்தபின் வழி எளிதாகிவிடவில்லை. 1598-ஆம் ஆண்டில் சீர்திருத்தச் சபை ஆசிரியர்கள் கிராட்ஸை விட்டு வெளியேற்றப்பட்டனர். கெப்ளர் மீண்டும் அனுமதிக்கப்பட்டாராயினும், 1600-ஆம் ஆண்டில், சமயம் மாற மறுத்தமையால், அவரும் குடும்பத்தோடு ஊரைவிட்டு நீங்க நேர்ந்தது. தூபிங்கனில் ஓர் இடம் கிடைக்குமோ என வேண்டினார், கிடைத்திலது. பிராக் நகரில் பேரரசர் ருடால்பின் ஆதரவில் இருந்த டைக்கோ பிராஹி என்னும் வானநூலறிஞரிடம் துணைவராகச் சேர்ந்தார். தொலைநோக்கி தோன்றாத அக்காலத்தில் கோள்களின் நிலையை டைக்கோவைப்போல் நுட்பமாக அளந்தவர் எவருமிலர். 1601-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் டைக்கோ மறைய, அவர் பதவி கெப்ளரைச் சார்ந்தது.

டைக்கோ அவருக்கு ஒப்படைத்த பணி, செவ்வாயின் வழியைக் கணித்தல். பன்முறை கணித்து, செவ்வாய் செல்வதாகத் தாம் கொண்ட வட்டத்தைக் கெப்ளர் அமைத்து முடித்தார். அது டைக்கோவின் அளவைகளோடு ஏறக்குறைய முற்றும் பொருந்திற்று. ஓரிடத்தில் மட்டும் எட்டுக் கலை வேறுபட்டது. ஒரு பாகையை அறுபது கூறாக்கின் ஒரு கூறு கலையாகும். எட்டுக் கலையென்பது முழுமதியின் குறுக்களவில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு. முன்னோர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தியிரார். ஆனால் டைக்கோவின் அளவையில் அவ்வளவு பிழை நேராதென்பதைக் கெப்ளர் நன்கறிவார். ஆதலின் பல ஆண்டு உழைப்பின் பயனைத் தம் கையாலேயே தள்ளிவிட்டு, மீண்டும் தொடங்கினார். வட்டமே கோள்களின் வழியென்று ஈராயிரம் ஆண்டாக நிலவிய நம்பிக்கை அவ்வெட்டுக் கலையால் வீழ்ந்தது. கோள்கள் நீள்வட்டத்திற் செல்கின்றன, அதன் இரு குவியங்களுள் ஒன்றிற் சூரியன் உள்ளது என்பதும், கோளையும் சூரியனையும் சேர்க்கும் கோடு சமகாலத்தில் சமபரப்பைக் கடக்கும் என்பதும் 1609-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலால் உலகறிந்த உண்மைகள்.

1612-ஆம் ஆண்டில் அவர் லின்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவருக்கு நேர்ந்த துன்பம், கிறிஸ்தவ மாணாக்கர் சிந்தித்தற்குரியது. கிறிஸ்துவின் சரீரம் எங்கும் நிறைந்துள்ளதென்னும் கோட்பாட்டை முற்றும் ஏற்றுக் கையொப்பமிட அவர் மனச்சான்று இடங்கொடுக்கவில்லை. அதனால் அவ்வூர்ச் சபைக் குரு அவருக்குத் திருவிருந்தை மறுத்தார். 1619-ஆம் ஆண்டில், அவரைப் பயிற்றுவித்த தூபிங்கனின் வேதசாஸ்திரிகளும் அத்தடையை உறுதிசெய்தனர். குருவாகித் திருவிருந்தைப் பிறர்க்கு வழங்க விழைந்தவர், அதனைப் பெறவும் தகாதவரென ஒதுக்கப்பட்டார். அவரோ தம் சபையை வெறுத்தகன்றிலர். தம் கருத்தை மறைத்துக் கையொப்பமிட்டதுமிலர். எட்டுக் கலையை மறைக்க ஒவ்வாத அதே நெஞ்சம், இங்கும் தன் உறுதி குலையாது நின்றது.

இத்துயரினிடையே, 1618-ஆம் ஆண்டில் அவர் மூன்றாம் விதியைக் கண்டார். ஒரு கோள் சூரியனைச் சுற்றும் காலத்தின் வர்க்கமும், சூரியனிலிருந்து அதன் சராசரித் தூரத்தின் கனமும் எல்லாக் கோள்களிலும் ஒரே விகிதத்தில் உள்ளன என்பது அது. பூமியின் தூரத்தையும் ஆண்டையும் ஒன்றெனக் கொண்டால், வியாழனின் தூரம் 5.2, காலம் 11.86, முன்னதன் கனமும் பின்னதன் வர்க்கமும் 140-ஐச் சற்றுக் கடந்து ஒத்து நிற்பதை மாணாக்கர் தாமே பெருக்கிக் காணலாம்.

அக்காலத்திலேயே அவருடைய முதிய அன்னையார் சூனியக்காரி என்று குற்றஞ்சாட்டப்பெற்று, 1620-ஆம் ஆண்டில் சிறையிலிடப்பட்டார். கெப்ளர் தம் வேலையை விட்டு நெடுந்தூரம் சென்று, சாட்சியங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எதிர்வாதம் அமைக்கத் துணைநின்று, 1621-ஆம் ஆண்டில் அன்னையாரை மீட்டார். தூபிங்கனில் கற்ற தருக்கமும் அணியிலக்கணமும் வானநூலுக்கு உதவாதனவெனத் தோன்றலாம். ஓர் உயிரைக் காக்க அவை உதவின.

கற்பதை அவர் ஒருகாலும் நிறுத்தினாரல்லர். நேப்பியர் 1614-ஆம் ஆண்டில் வெளியிட்ட மடக்கை முறையை, நடுவயது கடந்த நிலையிலும் ஆர்வத்தோடு பயின்று, தாமே ஒரு மடக்கை அட்டவணை இயற்றினார். அதன் துணையால் டைக்கோவின் அளவைகளைக் கொண்டு கோள்நிலை அட்டவணையை முடித்து, ருடால்பு பேரரசரின் பெயரால் 1627-ஆம் ஆண்டில் உல்ம் நகரில் அச்சிட்டார். தமக்குச் சேரவேண்டிய பணத்தைப் பெறும்பொருட்டுப் பயணம் புறப்பட்டவர், ரேகன்ஸ்பர்க் நகரிற் காய்ச்சலுற்று, 1630-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் காலமானார். அவரை அடக்கம்செய்த கல்லறையும் பின்னர்ப் போரில் அழிந்தது. ஆனால் மறு ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் புதன் சூரியவட்டத்தின் குறுக்கே கடந்து செல்லும் என்று அவர் கணித்து வைத்திருந்தார். அந்நாளில் பாரிஸ் நகரில் கசெந்தி என்னும் அறிஞர் அக்காட்சியைக் கண்டார். கணித்தவர் மறைந்தார், கணக்குப் பொய்த்திலது. 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் எழுப்பிய ஈர்ப்புக் கொள்கைக்கும் கெப்ளரின் விதிகள் அடிநிலையாயின.

இச்சரிதத்தால் யாம் மாணாக்கர்க்கு உரைக்க விழைவது ஒன்றே. பாடத்தைத் தெரிதல் விண்ணப்பத்தாளில் ஒரு நாளிற் செய்து முடியும் செயலன்று. ஆராய்ந்து தெரிக, பெரியோரைக் கேட்டுத் தெரிக. ஆயினும் விரும்பியது கிட்டாவிடின், வாழ்வே கெட்டதென்று வருந்தற்க. கெப்ளர் கட்டாயப் பாடத்தைப் புறக்கணித்திருப்பின், கிராட்ஸுக்கு அழைக்கப்பட்டிருக்க மாட்டார். அழைக்கப்பட்டபின் மனமின்றி நாள் கழித்திருப்பின், கோள்களின் நெறியைக் கண்டிருக்க மாட்டார். வாய்த்த பாடத்தை உண்மையோடு பயிலுமிடத்து, அது நம்முடையதாகின்றது. கணக்கில் எட்டுக் கலை பிழைக்குமிடத்து அதை மறையாது மீண்டும் தொடங்கும் நேர்மை எந்தப் பிரிவில் இருப்பார்க்கும் வேண்டுவது. நம் கலாசாலை மாணாக்கர் அந்நேர்மையைப் பெற்று, தாம் தெரிந்த துறையிலும் தமக்கு வாய்த்த துறையிலும் சிறந்து விளங்குவாராக.