37 வயதில் பறிபோன உயிர்... டிஎன்ஏ ரகசியத்துக்கு வழிகாட்டிய ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் யார்?

1956, கோடைக்காலம். ஆய்வுப் பயணமாக அமெரிக்கா போயிருந்த 36 வயது பிரிட்டிஷ் விஞ்ஞானிக்கு திடீரென பாவாடையின் ஜிப்பைப் போட முடியவில்லை. வயிறு அந்த அளவுக்கு உப்பியிருந்தது. லண்டன் திரும்பியதும் செப்டம்பரில் அறுவை சிகிச்சை. உள்ளே இருந்தது இரண்டு கட்டிகள். சினைப்பை புற்றுநோய். அவர்தான் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின்.

யார் இவர்?

1920 ஜூலை 25-ல் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்தார். இரண்டாம் உலகப் போர் காலத்தில் நிலக்கரியை ஆராய்ந்து, 1945-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் போய், எக்ஸ்ரே கதிர்களை வைத்துப் பொருட்களின் உள்ளமைப்பைக் கண்டறியும் வித்தையில் கைதேர்ந்தார்.

போட்டோ 51

1951-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு, மாணவர் ரேமண்ட் காஸ்லிங்குடன் சேர்ந்து எடுத்த டிஎன்ஏ எக்ஸ்ரே படம்தான் புகழ்பெற்ற 'போட்டோ 51'. 1953 ஜனவரியில், அவருக்கே தெரியாமல், சக விஞ்ஞானி வில்கின்ஸ் அதை வாட்சனிடம் காட்டிவிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவம் உலகுக்குத் தெரிந்தது. பெயர் வாட்சனுக்கும் கிரிக்குக்கும் போனது.

நோயோடு ஓடிய ஓட்டம்

ஃபிராங்க்ளின் முடங்கிவிடவில்லை. பிர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸை ஆராய்ந்தார். வைரஸின் புரத உறைக்குள் ஆர்என்ஏ எங்கே இருக்கிறது என்று கண்டறிந்தார். சிகிச்சைக்கு நடுவிலும் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். 1958 ஏப்ரல் 16-ல் இறந்தார். வயது 37 மட்டுமே. அவரது வைரஸ் மாதிரி இடம்பெற்ற பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சி தொடங்கியது மறுநாள்தான்.

1962-ல் வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் நோபல் பரிசு. அவருடன் வேலை பார்த்த ஆரோன் க்ளுக்கும் 1982-ல் நோபல் வாங்கினார்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

அன்று கட்டித் திசுவுக்குச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல்களின் வடிவத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இன்று அதோடு புரதப் பரிசோதனையும் உண்டு. மெல்லிய திசுத் துண்டின் மேல் ஆன்டிபாடியை விடுவார்கள். தேடும் புரதம் இருந்தால் அது போய் ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் பழுப்பு நிறமாகும்.

பாக்ஸ்8, டபிள்யூடி1 போன்ற புரதங்கள், புற்றுநோய் சினைப்பை சார்ந்ததா, வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்று பிரித்தறிய உதவும். பி53 புரதம் இயல்புக்கு மாறாகத் தெரிந்தால், வேகமாகப் பரவும் வகையாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சையைத் தேர்வு செய்ய முடியும்.

ரத்தத்தில் பார்க்கும் சிஏ-125 வேறு பரிசோதனை. 1981-ல்தான் இதற்கு வழி பிறந்தது. மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ் போன்ற காரணங்களாலும் இதன் அளவு கூடும் என்பதால், அதை மட்டும் வைத்துப் புற்றுநோய் என்று முடிவு கட்ட மாட்டார்கள்.

கவனிக்க வேண்டியது

வாரக்கணக்கில் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்த உணர்வு, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் கழிப்பது... இவற்றை வாயுத் தொல்லை என்று தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். ஃபிராங்க்ளினுக்கும் நோய் வெளியே தெரிந்தது ஒரு வயிற்று வீக்கமாகத்தான்.