ஹெலன் கெல்லர் அம்மையார்

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் நெடுங்காலம் பழகியோர், தோலைக் கையால் வருடிய அளவிலேயே அதன் தடிப்பையும் மென்மையையும் குற்றத்தையும் கூறிவிடுதலை யாம் கண்டிருக்கிறோம். கண்ணுக்குப் புலனாகாதது விரலுக்குப் புலனாகின்றது. தொல்காப்பியனாரும் மரபியலில் உயிர்களை அறிவுவகையாற் பகுக்குமிடத்து, மெய்யுணர்வை முதலிலும், அதன்பின் நா, மூக்கு, கண், செவி என்பவற்றின் அறிவை முறையே வைத்து, மனத்தை ஆறாவதாக நிறுத்தினார். இவற்றுள் நான்காவதும் ஐந்தாவதும் குழந்தைப் பருவத்திலேயே அற்றுப்போக, எஞ்சியவற்றைக் கொண்டு ஆறாவதன் உச்சியை எய்திய பெண்மணி ஒருவரின் சரிதத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமென்று கருதி ஈண்டு எழுதப் புகுந்தோம்.

ஹெலன் கெல்லர் அம்மையார் அமெரிக்காவின் அலபாமா மாகாணத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் 1880-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 27-ஆம் நாள் பிறந்தார். பத்தொன்பது மாதக் குழவியாய் இருந்தபோது கடுங்காய்ச்சல் ஒன்று கண்டது. காய்ச்சல் தணிந்தது, ஆனால் கண்ணொளியும் செவிப்புலனும் அதனோடு சென்றன. அதன்பின் ஐந்தாண்டு அக்குழந்தை வேண்டியதைச் சில கைச்சைகைகளால் கேட்பதும், கருத்து விளங்காதபோது வெகுண்டு உதைத்துப் புரள்வதுமாக வளர்ந்தது. தாயை ஒருமுறை உள்ளே வைத்து அறையைப் பூட்டிவிட்டது. மனநலம் குன்றியது என்று உறவினர் சிலர் எண்ணினர்.

தாயார் மனந்தளரவில்லை. டிக்கன்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியரின் பயண நூலில், லாரா பிரிட்ஜ்மன் என்ற கண்ணும் செவியும் அற்ற பெண், பாஸ்டன் நகரத்துப் பெர்க்கின்ஸ் பள்ளியில் மொழி கற்ற செய்தியை அவர் படித்திருந்தார். கரண்டி, சாவி முதலிய பொருள்களில் புடைத்த எழுத்துச் சீட்டுகளை ஒட்டித் தடவச் செய்து அப்பெண்ணுக்கு டாக்டர் ஹோ என்பவர் 1837 முதல் பயிற்சி அளித்திருந்தார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் செவிடருக்குக் கல்வி புகட்டுவதில் ஈடுபட்டவர். அவரிடம் 1886-இல் குழந்தையைத் தந்தையார் கொண்டு காட்டினார். பெல் அப்பள்ளிக்கே எழுதுமாறு பணித்தார். அங்கிருந்து வந்தவரே ஆனி ஸல்லிவன்.

இந்த ஆசிரியைக்கு அப்போது வயது இருபது. வறிய குடியிற் பிறந்து, கண்ணோயால் பார்வை மங்கி, ஏழையர் விடுதியில் வாடியவர். பெர்க்கின்ஸ் பள்ளியில் அறுவை மருத்துவத்தால் ஓரளவு பார்வை பெற்று, முதுமை எய்தியிருந்த லாராவோடு அளவளாவுதற் பொருட்டு விரலெழுத்தைப் பழகிக்கொண்டார். ஒரு பெண்ணின் உள்ளங்கையிலிருந்து மற்றொரு பெண்ணின் கைக்கும், அக்கையிலிருந்து ஹெலனின் கைக்கும் மொழி இவ்வாறு வந்தது. ஹெலனுக்குப் பரிசாகக் கொணர்ந்த பொம்மையின் ஆடையும் லாரா தைத்ததே.

ஆனி 1887-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3-ஆம் நாள் வந்து சேர்ந்தார். பொம்மையைக் கொடுத்து அதன் பெயரை உள்ளங்கையில் விரலால் எழுதினார். குழந்தை அவ்விரலசைவைத் திருப்பிச் செய்தது. எனினும் அதனை ஒரு விளையாட்டென்றே எண்ணியது. குவளைக்கும் அதிலுள்ள நீருக்கும் வேறுபாடு அதற்கு விளங்கவில்லை. ஏப்ரல் 5-ஆம் நாள், ஆசிரியை அதன் ஒரு கையைப் பம்பிலிருந்து வீழும் நீரில் பிடித்து, மற்றைக் கையில் நீர் என்னும் சொல்லை மீண்டும் மீண்டும் எழுதினார். குழந்தை அசையாது நின்றது. கையிற் படும் குளிர்ச்சிக்கும் விரலசைவுக்கும் உள்ள உறவு அக்கணத்தில் விளங்கிற்று. உடனே தரையைத் தொட்டுப் பெயர் கேட்டது; பம்பைத் தொட்டுக் கேட்டது; ஆசிரியையைத் தொட்டு அவர் யாரென்றும் கேட்டது. அன்றிரவுக்குள் முப்பது சொற்கள் வரை கைவந்தன. அன்று காலையில் வெறுப்பால் உடைத்தெறிந்த பொம்மையின் துண்டுகளை வீட்டுக்கு வந்து தேடி, ஒட்டவைக்க முயன்று அழுதது. பொருளுக்குப் பெயர் உண்டென்று அறிந்த நாளிலேயே தன் செயலுக்கு வருந்தவும் அக்குழந்தை அறிந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

காணும் பொருளுக்குப் பெயர் கற்பித்தல் எளிது; காணாததற்கு எங்ஙனம்? ஒருநாள் குழந்தை பல அளவுள்ள மணிகளை முறைப்படக் கோக்கத் தெரியாது தவித்தது. ஆசிரியை அதன் நெற்றியைத் தொட்டு, நினை என்னும் பொருளுடைய சொல்லைக் கையில் எழுதினார். தன் தலைக்குள் அப்போது நிகழ்வதற்கே அப்பெயர் என்று குழந்தை தெளிந்தது. மேலும் ஆனி பாடவேளை என்று ஒன்றை வகுக்கவில்லை. தாய் கைக்குழந்தையோடு ஓயாது பேசுவது போல, முழு வாக்கியங்களாகவே நாள் முழுதும் கையிற் பேசினார். கேட்டுப் பழகிய பின்னரே மழலை பேசுதல் உலகியல்பு. அவ்வியல்பையே அவர் கைக்கு மாற்றினார்.

பதினோராம் வயதில் ஹெலனுக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. பள்ளித் தலைவரின் பிறந்தநாளுக்கு எழுதி அனுப்பிய பனியரசன் கதை, முன்பே அச்சான வேறொரு கதையை ஒத்திருந்தது. முன்னர் எவரோ கையிற் படித்துக் காட்டியது, கேட்ட நினைவு மறைந்து, சொல் மட்டும் உள்ளத்தில் தங்கிவிட்டது. பள்ளியார் குழு அமைத்து, ஆசிரியையை வெளியே நிறுத்திவிட்டுச் சிறுமியைத் தனியே விசாரித்தனர். தம் சொல் தமதோ பிறரதோ என்னும் ஐயம் அம்மையாரை நெடுங்காலம் வாட்டிற்று. யாம் தமிழ் கற்பிப்பவராதலின் இதனைப் பலகாலும் எண்ணிப் பார்த்ததுண்டு. இரவற் சொல் இல்லாதார் யார்? நாம் அனைவரும் அன்னையிடமும் ஆசானிடமும் பெற்றதையே பேசுகிறோம். அச்சொல்லைக் கொண்டு எதனைச் செய்கிறோம் என்பதிலேயே அது நமதாகின்றது.

அம்மையார் அவ்வாறு தமதாக்கிக் கொண்டார். 1900-இல் ராட்கிளிஃப் கல்லூரியிற் சேர்ந்தார். விரிவுரைகளை ஆனி உடனமர்ந்து கையில் எழுத, 1904-இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். கண்ணும் செவியும் இன்றிப் பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர். மாணவியாய் இருக்கும்போதே 1903-இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்டார். பார்வை கெடுவது ஊழால் மட்டுமன்று, தொழிற்சாலைக் கேட்டாலும் வறுமையாலும் தடுக்கத்தக்க நோயாலும் நேர்வதென்று எடுத்துரைத்தார். அடிமைகளை வைத்திருந்த குடும்பத்திற் பிறந்தும், 1916-இல் கறுப்பினத்தார் உரிமைச் சங்கத்திற்குப் பொருளும் கடிதமும் அனுப்பினார். பிறந்த மாகாணத்தில் பழிக்கப்பட்டும் அஞ்சினாரல்லர். தம் குலத்தார் தவற்றைத் தாமே உணர்ந்து கூறுதல் குலத்துக்கு இழிவன்று. அதுவே குலப்பெருமை என்க.

1936-இல் ஆனி மறைந்தார். அம்மையார் துணைவி பாலி தாம்ஸனுடன் உலகைச் சுற்றி, 1955-இல் நம் இந்தியாவுக்கும் வந்து, பிரதமர் நேருவின் முகத்தை விரல்களால் தடவி அறிந்தார். அதே ஆண்டிலேதான் தீண்டாமைக் குற்றச் சட்டம் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தோலைத் தொட்டு உழைத்தவரைத் தொடலாகாதென்று ஒதுக்கிய நாடு இது. தொடுதலன்றி உலகோடு வேறு பெருவழியற்ற ஒருவர் இங்கு வந்து எல்லாரையும் தொட்டே அறிந்தார் என்பதை நினைக்குந்தோறும் நாணம் மேலிடுகின்றது. 1968-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் அம்மையார் இயற்கை எய்தினார்.

அன்பர்களே! யாமும் குற்றமற்றவரல்லேம். பல்லாண்டுகட்கு முன், எம் வகுப்பில் அழைத்தால் திரும்பாத சிறுவன் ஒருவனை மந்தமதியினன் என்று கருதிக் கடைசி வரிசையில் இருத்தினோம். அவனுக்குச் செவி கேளாதென்பதைப் பாட்டியார் ஒருநாள் வந்து சொல்லிய பின்னரே உணர்ந்தோம். அதற்குள் ஈராண்டு வீணாயிற்று.

ஆதலின் ஒன்று வேண்டுகிறோம். நம் இல்லங்களில் இத்தகைய குழந்தை இருப்பின், ஊரார்க்கு அஞ்சி மறைத்து வைத்தல் வேண்டா. விதியென்று விடுதலும் வேண்டா. பாளையங்கோட்டையில் செவிடர்க்கான பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தோன்றிவிட்டது. பம்பாயில் அம்மையார் பெயராலேயே 1977-இல் ஒரு நிலையம் எழுந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கண்ணும் செவியும் ஒருங்கே இழந்தாரைத் தனியே குறித்து உரிமை வகுத்துள்ளது. ஏன், லாராவும் ஆனியும் பயின்ற அப்பெர்க்கின்ஸ் பள்ளியின் பெயரால் வழங்கும் பிரெயில் எழுத்துப் பொறி, நம் வேலூரை அடுத்த காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் தொழிற்கூடத்திலேயே செய்யப்பட்டுப் பல நாடுகளுக்கும் சென்றிருக்கின்றது. பாஸ்டன் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை. உள்ளங்கையில் முதற் சொல்லை எழுதப் பொறுமையுள்ள ஒரு விரலே வேண்டுவது.