இன்சுலின் கண்ட பான்டிங்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிழிவு நோய் சிறுவர்களைப் பற்றினால், அவர்கள் பிழைப்பது அரிது என்பதே மருத்துவர் கண்ட முடிவு. நோயுற்ற குழந்தை ஓயாத தாகத்தால் வருந்தும். எவ்வளவு உண்டாலும் நாள்தோறும் மெலியும். இறுதியில் நினைவிழந்து உயிர் நீக்கும். உணவை மிகக் குறைத்துக் கொடுத்தால் சில திங்களோ, ஓரிரண்டு ஆண்டுகளோ சாவைத் தள்ளிப்போடலாம். பசியால் வாடும் மகவுக்குச் சோறிடவும் இயலாமல் பெற்றோர் கண்ணீர் வடித்தனர். இக்கொடுமைக்கு முடிவு கட்டியவருள் முதன்மையானவர் பிரடெரிக் பான்டிங் என்னும் கனடா நாட்டு மருத்துவர்.

பான்டிங்கின் பணியை அறிய, உடலின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் உடலில் இருவகைச் சுரப்பிகள் உள்ளன. ஒருவகை, தாம் சுரக்கும் நீரைக் குழாய்களின் வழியே உரிய இடத்திற்கு அனுப்புவன. உமிழ்நீர்ச் சுரப்பி அத்தகையது. மற்றொருவகைக்குக் குழாய் இல்லை. அவை தம் சுரப்பை நேரே இரத்தத்தில் கலக்கின்றன. இவற்றை நாளமில்லாச் சுரப்பிகள் என்பர். இரத்தத்தோடு சென்று தொலைவிலுள்ள உறுப்புகளை ஏவிப் பணிகொள்ளும் இச்சுரப்புகளுக்கு ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் 1905-ஆம் ஆண்டில் ஹார்மோன் என்று பெயரிட்டார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். உடலின் வளர்ச்சியும், வெப்பமும், அச்சமுற்றபோது நெஞ்சு படபடப்பதும் இவற்றின் செயலோடு தொடர்புடையன.

வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் அமைந்துள்ள கணையம் இருவகைப் பணியும் புரிவது. அது செரிமான நீரைக் குழாய்வழியே சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதனுள் தீவுகள்போல் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்களும் உண்டு. அவற்றை 1869-இல் லாங்கர்ஹான்ஸ் என்பவர் கண்டறிந்தார். கணையத்தை நீக்கிவிட்டால் நாய்க்கு நீரிழிவு உண்டாகும் என்பதை 1889-இல் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும் காட்டினர். ஆகவே, சர்க்கரையை ஆளும் ஏதோவொரு சுரப்பு அத்தீவுகளில் ஊறுகிறது என்று அறிஞர் உய்த்துணர்ந்தனர். அதைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றனர். எனினும், நோயாளிக்குத் துணிந்து தரத்தக்க மருந்து எவருக்கும் கைகூடவில்லை.

பான்டிங் 1891-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், ஒன்டேரியோ மாநிலத்தில் அல்லிஸ்டன் என்னும் ஊரை அடுத்த பண்ணையொன்றில் பிறந்தார். ஐந்து மக்களுள் அவரே கடைக்குட்டி. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1916-இல் பட்டம் பெற்றார். அப்பொழுது முதல் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. படை மருத்துவராகப் பிரான்சு நாட்டுக்குச் சென்ற அவர், 1918-இல் காம்பிரே போர்க்களத்தில் கையில் காயமுற்றார். தம் குருதியைப் பொருட்படுத்தாது பிற வீரர்களின் புண்ணுக்கு மருந்திட்டார். அவ்வீரச் செயலுக்காக இராணுவச் சிலுவை என்னும் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

போர் முடிந்தபின், 1920-இல் ஒன்டேரியோவிலுள்ள லண்டன் நகரில் மருத்துவமனை அமைத்தார். நோயாளிகள் வரவில்லை, முதல் மாத வருவாய் நான்கு டாலரே. வறுமையைத் தாங்கும்பொருட்டு அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆசிரியப்பணி ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில் கணையத்தைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக இரவில் ஒரு கட்டுரையைப் படித்தார். கணையக் குழாய் அடைபட்டால் செரிமான நீர் சுரக்கும் பகுதி சுருங்கிவிடும், தீவுகள் மட்டும் எஞ்சும் என்னும் செய்தி அதில் இருந்தது. உறக்கம் வரவில்லை. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு எழுந்து, தம் உள்ளத்தில் உதித்த எண்ணத்தைக் குறித்துவைத்தார். நாயின் கணையக் குழாயைக் கட்டி, எஞ்சும் தீவுகளிலிருந்து சாறெடுத்தால், செரிமான நீரால் அழியாத சுரப்பு கிட்டும் என்பதே அவ்வெண்ணம்.

டொராண்டோவில் உடலியல் பேராசிரியராயிருந்த மெக்லியாடை அணுகி, ஆய்வு செய்ய இடம் வேண்டினார். பேராசிரியர் முதலில் தயங்கினார். பின்னர் ஆய்வுக்கூடமும், பத்து நாய்களும், பெஸ்ட் என்னும் இளம் உதவியாளரும் தந்தார். 1921-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் நாள் பணி தொடங்கிற்று. கோடை வெப்பம் கடுமையாக இருந்தது. பான்டிங்குக்கு ஊதியமும் இல்லை. முதலில் தோல்விகளே மிகுந்தன. நாய்கள் பல மடிந்தன. ஆயினும் இருவரும் தளரவில்லை. ஜூலை 30-ஆம் நாள், நீரிழிவுற்ற நாயொன்றுக்குச் சாற்றை ஊசிவழிச் செலுத்தியபோது, அதன் இரத்தத்தில் சர்க்கரை விரைந்து குறைந்தது.

நாயின் குழாயைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்தால் கிடைக்கும் சாறு சிறிதே. அப்பொழுது பண்ணைச் சிறுவனாக வளர்ந்த அறிவு பான்டிங்குக்குத் துணைசெய்தது. பிறவாத கன்றின் கணையத்தில் செரிமானப் பகுதி முதிர்ந்திராது என்று எண்ணி, இறைச்சிக் கூடத்திலிருந்து அதைக் கொணர்ந்தார், பயன் கிட்டிற்று. பின்னர், முதிர்ந்த மாட்டின் முழுக்கணையத்திலிருந்தே சாராயத்தின் துணையால் சாறெடுக்கலாம் என்பதும் தெளிவாயிற்று. அவர் முதலில் எண்ணிய குழாய் கட்டும் முறை தேவையற்றதாய்ப் போயிற்று. ஆயினும், அவ்வெண்ணமே அவரை உண்மையின் வாயில்வரை அழைத்து வந்தது.

டொராண்டோ மருத்துவமனையில் லியனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். 1922-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் அவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையுறாததால் ஊசியிட்ட இடம் வீங்கியது. பயனும் மிகுதியாக இல்லை. கோலிப் என்னும் வேதியியலறிஞர் இரவும் பகலும் முயன்று சாற்றைத் தூய்மையாக்கினார். அதனை ஜனவரி 23-ஆம் நாள் செலுத்தினர். சிறுவனின் இரத்தச் சர்க்கரை இயல்பான அளவை நெருங்கியது; உடல் தேறியது; முகம் தெளிந்தது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று அம்மருந்துக்கு இன்சுலின் என்னும் பெயர் அமைந்தது.

நாம் உண்ணும் உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. தசையணுக்கள் அதை ஏற்றுக்கொள்ள வழிசெய்வதும், மிகுந்ததைக் கல்லீரலில் சேமிக்கச் செய்வதும் இன்சுலினே. அஃது இல்லையேல், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தும் உடலணுக்கள் பசியால் வாடும். மிகுந்த சர்க்கரை நீரையும் ஈர்த்துக்கொண்டு சிறுநீராய் வெளியேறும், தாகம் பெருகும். உடல் தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும். அதனால் விளையும் அமிலங்கள் இரத்தத்தில் பெருகி உயிரை மாய்க்கும். பெரும்பஞ்சத்தில் நெற்களஞ்சியம் நிறைந்திருந்தும் அதன் கதவு திறவாத நிலை போன்றது அது.

1923-ஆம் ஆண்டு நோபல் பரிசு பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் வழங்கப்பட்டது. தம்மோடு உழைத்த பெஸ்ட் விடுபட்டமை கண்டு பான்டிங் சினங்கொண்டார். தம் பரிசுப் பணத்தில் பாதியை அவருக்கு அளித்தார். மெக்லியாடும் தம் பங்கில் பாதியைக் கோலிப்புக்குத் தந்தார். நால்வருக்குள் மனவேறுபாடுகள் இருந்தன. எனினும், ஒருவரின் உழைப்பின்றி மற்றவரின் உழைப்பு நிறைவுற்றிராது. மருந்தின் உரிமையைப் பெரும்பொருளுக்கு விற்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், பான்டிங்கும் தோழரும் ஆளுக்கு ஒரு டாலர் மட்டும் பெற்றுக்கொண்டு அதனைப் பல்கலைக்கழகத்திற்கு உரிமையாக்கினர். தூய மருந்து எல்லோருக்கும் கிடைத்தல் வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம்.

1934-இல் பான்டிங் சர் பட்டம் பெற்றார். ஓய்வு நேரங்களில் கனடாவின் பனிநிலக் காட்சிகளை ஓவியமாகத் தீட்டி மகிழ்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது மீண்டும் நாட்டுப்பணியில் ஈடுபட்டார். 1941-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவர், நியூபவுண்ட்லாந்தில் விமானம் வீழ்ந்து உயிர் துறந்தார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

இன்சுலின் நீரிழிவை அடியோடு ஒழிக்கும் மருந்தன்று. தேவைப்படுவோர் அதனை நாள்தோறும் பெறுதல் வேண்டும். ஆயினும் சாவை எதிர்நோக்கியிருந்த சிறார் வளர்ந்து, கல்வி கற்று, இல்லறம் நடத்தி, மூப்புறும் பேற்றை அஃது அளித்தது. அவர் பிறந்த நாளாகிய நவம்பர் 14 இன்று உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடப்படுகிறது. நான்கு டாலர் வருவாயோடு நோயாளிக்குக் காத்திருந்த அம்மருத்துவரால், உலகெங்கும் எண்ணற்ற நோயாளிகள் உயிர் பெற்றனர்.