மோரமங்கலம் கண்ட தத்துவ போதகர்

சங்ககிரி மலைக்கோட்டையைச் சூழ்ந்த சமவெளியில், வழிபாடு ஒழிந்து பூட்டிக் கிடக்கும் சிற்றாலயம் ஒன்றைக் காண்போர், அது வெள்ளையர் ஆட்சி விட்டுச்சென்ற கட்டடம் என்று எண்ணிக் கடந்துபோவது இயல்பு. ஆயின், இம்மண்ணில் கிறித்தவம் கால்வைத்தது ஆங்கிலேயரோடு அன்று. சேலம் நாடு திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது 1792இல். அதற்கு 169 ஆண்டுகளுக்கு முன்னரே, காவியுடுத்த துறவி ஒருவர் கொல்லிமலை அடிவாரம் வழியே இந்நாட்டுக்குள் நடந்து வந்தார். தத்துவ போதகர் என்று தமிழுலகம் அறிந்த இராபர்ட்டு தெ நொபிலியே அவர்.

பிறப்பும் துறவும்

இத்தாலி நாட்டு உயர்குடியொன்றில் 1577இல் நொபிலி பிறந்தார். செல்வமும் பதவியும் காத்திருந்த வாழ்வை உதறி இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் கப்பலேறி, 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவாவில் கரையிறங்கினார். முத்துக்குளித்துறையில் சில திங்கள் தங்கித் தமிழ் பயின்றபின், 1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்பே பணியாற்றி வந்த பாதிரியார் ஒருவர், பல்லாண்டு உழைத்தும் உள்ளூராருள் ஒருவரையும் சேர்க்க முடியாதிருந்தார். காரணம் வெளிப்படை. கிறித்தவன் என்றால் பறங்கி; பறங்கி என்றால் ஊனும் கள்ளும் உண்பவன்; இதுவே மக்கள் கொண்ட கருத்து. நொபிலி தம் அங்கியைக் களைந்து காவியுடுத்தார். காலில் பாதக்குறடு அணிந்தார். ஒருவேளை மரக்கறி உணவோடு நின்றார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி கற்றார். தமிழும் தெலுங்கும் அவருக்குக் கைவந்தன.

இதனால் ஊரார் நெருங்கினர், உடன்பணியாளரோ ஐயுற்றனர். பூணூலும் குடுமியும் சந்தனமும் புறச்சமயச் சின்னங்கள் என்று குற்றஞ்சாட்டினர். 1619இல் கோவாவில் கூடிய அவையில் அவரே எழுந்து தம் நெறிக்காக வாதிட நேர்ந்தது. வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசர் அச்சின்னங்களுக்கு இசைவளித்தார். அவ்வாண்டிலேயே நொபிலி மதுரையை விட்டு வடக்கு நோக்கிப் புறப்பட்டார்.

சேலம் சமவெளியில்

திருச்சிராப்பள்ளி கடந்து சேந்தமங்கலம் வந்த அவரை, மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்தி ஆண்டுவந்த இராமச்சந்திர நாயக்கர் மதிப்புடன் வரவேற்றார். அங்கேயே தங்கியிருந்தால் வசதிக்குக் குறைவிராது. ஆயினும் அவர் சேலம் நோக்கி நடந்தார்.

சேலத்தில் அவருக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. ஊரறியாத துறவிக்குத் தங்க இடம் தருவார் இல்லை. திறந்த சாவடியொன்றில் பல நாள் கிடந்தார். குளிரும் காய்ச்சலும் வருத்தின. நாற்பத்தைந்து வயது கடந்த உடல் அது. மதுரையில் புலவரோடு வாதிட்டவர், இங்கே வழிப்போக்கரினும் கீழாய்க் கிடந்தார். பின்னரே இரக்கமுற்ற ஒருவர் இடமளிக்க, மெல்ல மெல்ல ஊர் அவர்பால் திரும்பியது. சேலத்தை ஆண்ட நாயக்கரின் நல்லெண்ணமும் கிட்டியது.

அந்நாயக்கரின் தமையனார் திருமங்கல நாயக்கர், உரிமையுள்ள ஆட்சியை உடன்பிறந்தாரிடம் இழந்து நின்றவர். அவர் நொபிலியை நாடி வந்தார். வீட்டைத் துறந்த ஒருவரும் நாட்டை இழந்த ஒருவரும் இச்சமவெளியில் எதிர்ப்பட்டனர். நீண்ட உரையாடலுக்குப் பின், 1625இல் நாயக்கர் திருமுழுக்குப் பெற்றார். சேலமும் சங்ககிரி வட்டாரத்து மோரமங்கலமும் இயேசு சபையின் பணித்தளங்களாயின.

நொபிலியின் நெறியில் குறையும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று. உயர்குலத்தாரை அணுகும்பொருட்டு அவர் சாதி வேற்றுமையை ஏற்றுக்கொண்டார். அந்தணத் துறவியாய் வாழ்ந்த குரு, தாழ்த்தப்பட்ட மக்களோடு வெளிப்படையாகக் கலந்து பழக இயலவில்லை. அக்குறையை ஈடுசெய்யவே 1640இல் பல்தசார் த கோஸ்தா முதலானோர் பண்டாரசுவாமிகளாகி எல்லாக் குலத்தாரிடையேயும் பணியாற்றினர். எனினும் அன்று இட்ட பிரிவுக்கோடு ஆலயங்களுக்குள்ளும் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் நெடுங்காலம் நீண்டது. அத்துயரின் கணக்கில் அவர் பெயரும் எழுதப்பட்டே இருக்கிறது.

தமிழ்த் தொண்டு

1578இல் அண்டிரிக் அடிகளார் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றியபோதும், சமயக் கருத்துகள் பெரிதும் போர்த்துகீசியச் சொற்களிலேயே வழங்கின. தூய ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்றே மக்கள் ஓதினர். நொபிலி இந்நிலையை மாற்றினார். கோவில், பூசை, குரு, வேதம், வரப்பிரசாதம், சருவேசுரன் என இந்நாட்டார் நாவில் வழங்கிய சொற்களையே எடுத்தாண்டார். ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம், நித்திய சீவன சல்லாபம் முதலிய நூல்களை உரைநடையில் இயற்றினார். வாதத்தையும் தத்துவத்தையும் பாட்டின் துணையின்றி உரைநடையே தாங்கும் என்று காட்டியவர்களுள் அவர் முன்னோடி. வடசொல் மிகுந்த அந்நடை இன்று நமக்குக் கரடுமுரடாகத் தோன்றலாம். பாதை வெட்டுபவன் கையில் அகப்படுவது காட்டுக்கல்தானே! 1960களில் ச. இராசமாணிக்கம் அடிகளார் இந்நூல்களை ஆய்ந்து பதிப்பித்தமைக்குத் தமிழுலகம் கடப்பாடுடையது.

இறுதி நாள்கள்

1640இல் மதுரையில் சிறைப்பட்டு, அடுத்த ஆண்டு விடுதலையுற்றார். பார்வை மங்கவே யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் மயிலாப்பூருக்கும் அனுப்பப்பட்டார். ஏறத்தாழக் கண்ணொளி இழந்த நிலையிலும் நூல்களைச் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினர். 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், தம் 78ஆம் வயதில், மயிலாப்பூரில் மறைந்தார்.

அவருக்குப் பின் மதுரை மைசூர்ப் போர்கள் இச்சமவெளியை அலைக்கழித்தன. 1773இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. மேய்ப்பரின்றி ஆலயங்கள் தளர்ந்தன. சேலம் தனி மறைமாவட்டமாய் அமைந்தது 1930இல்தான். இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் எழுந்த கூரைகள் எத்தனையோ, விழுந்தவை எத்தனையோ! ஆயினும், தமிழ்க் கிறித்தவர் தம் வழிபாட்டிடத்தைக் கோவில் என்றும், வழிபாட்டைப் பூசை என்றும் சொல்லுந்தோறும், சேலத்துச் சாவடியில் காய்ச்சலோடு கிடந்த அத்துறவியின் உழைப்பு அச்சொற்களில் உயிர்த்திருக்கிறது. பூட்டிய ஆலயத்தைக் கடந்துபோகும் தமிழ்ப்புலவர் ஒருகணம் நின்று எண்ணத்தக்க செய்தி இது.