வெள்ளவத்தையில் படித்த டெய்சி ராசம்மா

இலங்கையின் முதல் சிங்களப் பேசும்படத்தில் நடித்துப் பாடிய கதாநாயகியின் பிறப்புப் பெயர் டெய்சி ராசம்மா டானியேல்ஸ். நாடு அவரை அறிந்தது ருக்மணி தேவியாக.

1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா இறம்பொடையில், கிறிஸ்தவக் கொழும்புச் செட்டிக் குடும்பமொன்றில் பிறந்தவர். கொழும்புச் செட்டிகள் தம்மைத் தனிச் சமூகமாகவே சொல்லிக்கொள்வர். ஆனாலும் ராசம்மா என்ற பெயர் எந்த மொழியின் பெயர் என்று நம் வீடுகளில் எவரும் கேட்கப்போவதில்லை. குடும்பம் கொழும்புக்கு வந்தபின் வெள்ளவத்தை புனித கிளேயர் பாடசாலையிலும் படித்தார்.

பதின்வயதிலேயே மேடை ஏறியவரின் குரல் விரைவில் எச்.எம்.வி. இசைத்தட்டிலும் பதிவானது. அந்நாளைய ஒலிப்பதிவில் வெட்டி ஒட்டும் வசதி இல்லை. தட்டின் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று நிமிடம். பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே நேரத்தில் ஒலிவாங்கியின் முன் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை அது.

பிறகு பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் நீர்கொழும்பு மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருடைய தம்பி எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழுவின் 'கடவுணு பொறொந்துவ' நாடகத்தைப் படமாக்க முன்வந்தவர் எஸ். எம். நாயகம், ஒரு தமிழர். இலங்கையில் அப்போது பேசும்படம் எடுக்கத்தக்க கலையகம் இல்லை. ஆகவே நடிகர்கள் மதுரைக்குப் போனார்கள். தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் இறங்கி ரயில் பிடிப்பதுதான் அன்றைய வழி. இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். இசை நாராயண ஐயர். சிங்களச் சொற்களைத் தமிழ்நாட்டு வாத்தியக்காரர் நடுவே நின்று பாடியவர் ராசம்மா. நடிகைக்கு இன்னொருவர் பின்னணி பாடும் ஏற்பாடு அவருக்குத் தேவைப்படவில்லை.

1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் படம் வெளியானது. தொழில்நுட்பத்தில் குறை சொன்னவர்கள் இருந்தார்கள். சனமோ திரண்டு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் படங்களிலும் மேடைகளிலும் வானொலியிலும் அந்தக் குரல் ஒலித்தது. இலங்கையின் குயில் என்று சிங்கள மக்கள் பெயர் வைத்தார்கள்.

ஆனால் புகழ் வீட்டுச் செலவைக் கொண்டு நடத்தாது. புதிய முகங்கள் வந்தபின் கதாநாயகி வேடங்கள் குறைந்தன. ஐம்பது வயது கடந்தும் இரவிரவாக ஊர் ஊராகப் பாடப் போனார். 1978 ஒக்ரோபர் 28, மாத்தறை இசை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலவுக்கு அருகே துடெல்லவில் வாகனம் விபத்துக்குள்ளாகி இறந்தார். வயது 55. தமிழர் மீதான 1977 வன்செயல் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருடைய இறுதிச் சடங்குக்குச் சிங்கள மக்கள் வெள்ளமாக வந்து அழுதார்கள்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையில், ஹெந்தளையில் தமிழரான கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கே எரிந்த படச்சுருள்களில் பல சிங்களப் படங்களின் மூலப் பிரதிகளும் இருந்தன.