அயலவராய் வந்த அன்னி பெசண்ட் அம்மையார்

ஒரு நாட்டின் அரசியலை அந்நாட்டில் பிறந்தவர் மட்டுமே அறிய முடியுமா? வெளியிலிருந்து வந்தவர் எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாலும், எத்தனை நூல்களைக் கற்றாலும், அம்மக்களின் உள்ளத்தை உள்ளவாறு உணர்தல் இயலாதா? இவ்வினாவைப் பொழுதுபோக்காகப் பேசுவார் உண்டு. என் போன்றோர்க்கு அது பொழுதுபோக்கன்று.

நான் மர்பி டவுனில் குடியிருப்பவன். பட்ட மேற்படிப்பின் பொருட்டுத் தமிழகத்திலிருந்து இந்நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் வாழும் பகுதியே ஓர் அயலவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் பெங்களூர்க் கண்டோன்மெண்டின் பொறியாளராக இருந்த மர்பி என்பவரின் பெயர் அது. 1809-ஐ ஒட்டி இங்குப் படைமுகாம் அமைந்தபின், அதைச் சார்ந்து பிழைக்க வந்த தமிழர் பலர் இப்பக்கங்களில் வேரூன்றினர். ஆகவே, பெயர் தந்தவரும் அயலார், குடியேறியவரும் அயலார். இத்தகைய இடத்தில் வாழ்பவன் கன்னட நாட்டின் அரசியலைப் பற்றி வாய் திறந்தால், உனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி உடனே எழும். அக்கேள்வியில் நியாயமும் உண்டு, நியாயமின்மையும் உண்டு. இரண்டையும் பிரித்தறிய, நம் சென்னையில் வாழ்ந்து மறைந்த ஓர் அயல்நாட்டுப் பெண்மணியின் வரலாறு பெரிதும் துணை செய்யும். அவரே அன்னி பெசண்ட் அம்மையார்.

போராட்ட இளமை

அம்மையார் 1847-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இலண்டன் நகரில் பிறந்தார். தாய் ஐரிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவர். தந்தை வழியிலும் ஐரிஷ் உறவு உண்டு. ஐந்து வயதிலேயே தந்தையை இழந்தார். இருபதாம் வயதில் பிராங்க் பெசண்ட் என்னும் பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டார். மண வாழ்வு இனிக்கவில்லை. சமயக் கோட்பாடுகளில் அவருக்கு எழுந்த ஐயங்கள் கணவரோடு ஒத்துவாழ விடவில்லை. 1873-இல் இருவரும் பிரிந்தனர்.

பின்னர்ச் சார்லஸ் பிராட்லாவுடன் சேர்ந்து பகுத்தறிவுப் பிரசாரத்தில் இறங்கினார். கருத்தடை பற்றிய நூல் ஒன்றை வெளியிட்டமைக்காக 1877-இல் இருவர் மீதும் வழக்கு நடந்தது. மேல்முறையீட்டில் தண்டனை நீங்கிற்று. ஆயினும் அவர் கொண்ட கருத்துகளைக் காரணம் காட்டி, அடுத்த ஆண்டே மகள் மேபலை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துவிட்டது. கொள்கைக்காகப் பெற்ற பிள்ளையையே இழந்த தாய் அவர். 1888-இல் இலண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்காக எழுதியும் பேசியும் வெற்றி தேடித் தந்தவரும் இவரே.

அயர்லாந்து ஆங்கிலேயரின் பிடியில் தவிப்பதைத் தம் குடும்பத்துத் துயரம்போல் கருதினார் அம்மையார். இந்தியாவைக் காணும் முன்னரே, 1870-களின் இறுதியில், ஆங்கிலேயரின் இந்திய, ஆப்கானியக் கொள்கைகளைக் கண்டித்து நூல் எழுதினார். அடிமை நாட்டின் வலி அவருக்குப் புதிதன்று.

தூத்துக்குடிக் கரையில்

1889-இல் பிளாவட்ஸ்கி அம்மையாரின் நூலைப் படித்த பெசண்ட் அம்மையார், பிரம்ம ஞான சபையில் சேர்ந்தார். நாத்திகராய் இருந்தவர் ஞான நெறியில் திரும்பினார். 1893-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 46. இந்திய மண்ணில் அவருடைய கால் முதலில் பட்டது நம் தமிழகக் கரையில்தான்.

இங்கு நாம் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அவரை இந்தியாவுக்கு அழைத்து வந்தது அரசியலன்று, சமயம். அவர் இந்தியாவினுள் நுழைந்த வாயில் வடமொழி நூல்கள். 1895-இல் பகவத் கீதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். காசியில் தங்கி, 1898-இல் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். பின்னாளில் எழுந்த காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கு அதுவே வித்தாயிற்று. 1907-இல் பிரம்ம ஞான சபையின் தலைவரானார். சபையின் தலைமையிடமாகிய சென்னை அடையாறு அவர் வாழ்வின் நடுவிடமாயிற்று.

தன்னாட்சி முழக்கம்

1914-ஆம் ஆண்டு, தம் 66-ஆம் வயதில், அம்மையார் இந்திய அரசியலில் முழுமையாக இறங்கினார். சென்னையில் ஒரு நாளிதழை விலைக்கு வாங்கி, நியூ இந்தியா எனப் பெயர் மாற்றி நடத்தினார். 1916 செப்டம்பரில் ஹோம் ரூல் லீக் என்னும் தன்னாட்சிக் கழகத்தைத் தொடங்கினார். ஹோம் ரூல் என்ற பெயரே அயர்லாந்துப் போராட்டத்திலிருந்து வந்தது. அவ்வாண்டு ஏப்ரலிலேயே திலகர் தம் லீக்கைத் தொடங்கியிருந்தார். இருவரும் பகுதிகளைப் பிரித்துக்கொண்டு உழைத்தனர்.

அரசாங்கம் அஞ்சியது. நியூ இந்தியா இதழுக்கு 2,000 ரூபாய் ஈட்டுத்தொகை கேட்டது. அதனைப் பறிமுதல் செய்து, பின் 10,000 ரூபாய் கேட்டது. அம்மையாரின் பேனா ஓயவில்லை. 1917 ஜூனில் சென்னை ஆளுநர் பெண்ட்லண்டின் ஆணையால் அவரும், அருண்டேல், வாடியா ஆகிய துணைவர் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். உதகமண்டலத்தில் அம்மையார் சிறையிருந்தார். நாடே கொதித்தெழுந்தது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாய் இருந்து ஓய்வு பெற்ற சுப்பிரமணிய ஐயர், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு முறையீடு எழுதினார். அதன் விளைவாக எழுந்த கண்டனத்தை அடுத்துத் தம் சர் பட்டத்தையும் துறந்தார். செப்டம்பரில் அம்மையார் விடுதலை பெற்றார். டிசம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர். காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் அமர்ந்த முதற் பெண் அவர்தாம்.

நம் பெங்களூரும் அவருக்குக் கடன்பட்டது. பசவனகுடியில் 1917-இல் தோன்றிய நேஷனல் உயர்நிலைப் பள்ளி அம்மையாரின் தேசியக் கல்வி முயற்சியில் பிறந்ததே.

அயலவர் ஒருவர் ஒரு நாட்டை உணர முடியாது என்பார்க்கு இவ்வரலாறே மறுமொழி. விடுதலை வேட்கை என்பது எல்லா மண்ணிலும் ஒரே சுவையுடையது. அயர்லாந்தின் கண்ணீரை அறிந்தவர் இந்தியாவின் கண்ணீரை அறிந்துகொண்டார்.

அம்மையார் காணாத இந்தியா

ஆனால், கண்ணீர் ஒன்றே ஒரு நாடு ஆகாது. ஒரு நாட்டினுள் மேலிருப்பார் உண்டு, கீழிருப்பார் உண்டு. முன்கட்டில் இருப்பார் உண்டு, கொல்லையில் நிற்பார் உண்டு. முன்வாயில் வழியே வந்த விருந்தினர்க்குக் கொல்லை எளிதில் தெரிவதில்லை.

1909 பிப்ரவரியில் அம்மையார் ஓர் ஆங்கிலத் திங்களிதழில் தாழ்த்தப்பட்டோரின் முன்னேற்றம் பற்றிக் கட்டுரை வரைந்தார். அவர்களுக்குக் கல்வி வேண்டும் என்றார். ஆனால், அவர்களின் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்துதல் கூடாது. முதலில் தூய்மையும் நல்லொழுக்கமும் கற்கட்டும் என்பது அவர் கருத்து. இலண்டனில் ஏழைத் தொழிற்பெண்களின் பக்கம் நின்ற அதே கை எழுதிய எழுத்து இது! பின்னாளில், 1945-இல் வெளியிட்ட தம் நூலில் டாக்டர் அம்பேத்கர் இக்கட்டுரையை எடுத்துக்காட்டிக் கடுமையாகச் சாடினார். இதில் ஒரு வியப்பும் உண்டு. தாழ்த்தப்பட்டோர் மீதுள்ள தடைகளை நீக்க வேண்டும் என்று 1917-இல் காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றியது இதே அம்மையாரின் தலைமையில்தான். அத்தீர்மானத்தின் நோக்கத்தையும் அம்பேத்கர் ஐயுற்றார் என்பது வேறு செய்தி.

தமிழகத்திலும் எதிர்ப்பு எழுந்தது. புதுச்சேரியில் இருந்த பாரதியார் 1914-இலேயே அம்மையாரை எள்ளி ஆங்கிலத்தில் ஓர் அங்கதக் கதை எழுதினார். 1916 நவம்பரில் தியாகராயச் செட்டியார், டி. எம். நாயர், நடேச முதலியார் முதலியோர் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். டிசம்பரில் வெளிவந்த பிராமணரல்லாதார் அறிக்கை, சென்னை மாகாணத்து மக்கள் 4 கோடியே 15 இலட்சத்தில் 4 கோடிக்குக் குறையாதோர் பிராமணரல்லாதார் என எடுத்துக்காட்டியது. ஆங்கிலேயரிடமிருந்து வாங்கும் ஆட்சி எவர் கைக்குச் செல்லும் என்பதே அவர்களின் வினா. காசியிலும் அடையாற்றிலும் அம்மையாரைச் சூழ்ந்திருந்த கற்றோரின் வட்டத்துள் அவ்வினா உரக்கக் கேட்கவில்லை.

எனினும் நீதி வழுவாது சொல்வோமாயின், அம்மையார் நின்ற இடத்திலேயே நின்றவர் அல்லர். தொடக்கத்தில் வருண அமைப்பைப் பழமையின் பெருமையாக விளக்கியவர், 1913-இல் சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகளில் குழந்தை மணத்தையும் சாதிக் கொடுமையையும் கண்டித்தார். 1917-இல் அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்துக்கு முதல் தலைவரானார். அவருடைய துணைவர் வாடியா 1918-இல் சென்னை ஆலைத் தொழிலாளர்க்கு முதற் சங்கம் அமைத்தார். இருபது ஆண்டுகள் இருந்தபின் ஓர் அயலவர் கற்றுக்கொண்டது இது. கற்றல் நடந்தது; ஆனால் மெல்ல நடந்தது.

மக்கள் விலகிய காலம்

1919-இல் காந்தியடிகள் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். சட்டத்தை மீறுதல் கலகத்தில் முடியும் என்று அம்மையார் அஞ்சினார், எதிர்த்தார். கல்லெறியும் கூட்டத்தின் மீது படையினர் சுடுவதை நியாயப்படுத்தும் பொருள்பட அவ்வாண்டு ஏப்ரலில் எழுதினார். அம்மாதமே ஜாலியன்வாலா பாகில் படுகொலை நடந்தது. மக்கள் அவரை மன்னிக்கவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் நாட்டின் செல்வியாய் இருந்தவர் தனிமரம் ஆனார். அவர் தொடங்கிய கழகமே 1920-இல் காந்தியடிகளைத் தலைவராக ஏற்றுக்கொண்டது.

அப்போதும் அவர் நாட்டைத் துறந்து செல்லவில்லை. இந்தியாவுக்குத் தன்னாட்சி வழங்கும் சட்ட முன்வடிவு ஒன்றை இந்தியத் தலைவர் பலரோடு சேர்ந்து வகுத்து, 1925-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் வரை கொண்டு சென்றார். அது அதற்குமேல் செல்லவில்லை. 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள், தம் 85-ஆம் வயதில், அடையாற்றில் கண் மூடினார். சென்னையின் பெசண்ட் நகர் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றது.

நமக்குரிய பாடம்

அம்மையார் தவறியது அயலவர் என்பதாலா? அப்படியாயின், இந்த மண்ணிலேயே பிறந்த தலைவர் எத்தனையோ பேர் கொல்லையில் நின்றவரைக் காணத் தவறினரே, அவர்கள் எந்நாட்டு அயலார்? பிறப்பு ஒருவர்க்கு வீட்டைத் தரும். வீட்டின் எல்லா அறைகளையும் காட்டிவிடாது. எந்த வாயிலால் நுழைந்தோம், எவரோடு உரையாடினோம் என்பதே அறிவின் அளவு.

அறிவியல் மாணவனாகிய எனக்கு வானியல் ஒன்றைக் கற்பித்திருக்கின்றது. ஒரு விண்மீனின் தொலைவை ஓரிடத்தில் நின்று பார்த்து அளக்க முடியாது. ஆறு திங்கள் கழித்து, பூமி தன் பாதையின் மறுபுறம் சென்றபின் மீண்டும் பார்க்க வேண்டும். இரு நோக்குகளுக்கும் இடையில் தோன்றும் சிறு விலகலே தொலைவைச் சொல்லும். அதனை இடமாறு தோற்றம் என்போம். 1838-இல் ஜெர்மானிய அறிஞர் பெசல் இம்முறையால்தான் முதன்முதலாக ஒரு விண்மீனின் தொலைவைக் கணித்து வெளியிட்டார். உள்ளூரார் நோக்கு ஒன்று. அயலார் நோக்கு மற்றொன்று. ஒன்றைத் தள்ளிவிட்டால் ஆழம் தெரியாது. அயலவர்க்கு உள்ள உரிமையும் இதுவே, எல்லையும் இதுவே.

நண்பர்களே! காவிரிச் சிக்கலால் 1991-லும் 2016-லும் இந்நகரில் தமிழர் மீது வன்முறை மூண்டதை நாம் அறிவோம். அந்த அச்சம் நம் இல்லங்களில் இன்னும் முற்றும் நீங்கவில்லை. ஆயினும், தஞ்சை உழவனின் கவலையை அறிந்த நாம் மாண்டியா உழவனின் கவலையை அவன் மொழியில் கேட்டிருக்கிறோமா? சென்னையிலிருந்து வரும் செய்தித்தாள் ஒன்றை மட்டும் படித்துக் கன்னட நாட்டைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது, வடமொழி நூல் வழியே தமிழகத்தை அளந்தது போன்றதாகும். கன்னட மக்களும் நம்மைப் பற்றி அவ்வாறே தீர்ப்புக் கூறாதிருக்க வேண்டுமாயின், முதலடியை நாம் எடுத்துவைத்தல் தகும்.

1991-இல் நிறுவப்பட்டும் திறக்கப்படாது மூடியே கிடந்த அல்சூர் வள்ளுவர் சிலை, 18 ஆண்டுகள் கழித்து 2009 ஆகஸ்ட் 9-இல் திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. சிலைகள் இடம் மாறி நின்றுவிட்டன. வள்ளுவரைப் படித்த கன்னடர் எத்தனை பேர் என்று கேட்கும் முன், சர்வக்ஞரைப் படித்த தமிழ் மாணவர் நம் மன்றத்தில் எத்தனை பேர் என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக!